படுத்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

போன வாரம் ஆலையின் பயிற்சி அறையில் உங்கள் முன்னால் நின்று ஒரு மணி நேரம் பேசினேன். முப்பத்தொரு வருட வேலையில் நல்லபடியாக முடிந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் மனசு ஒரு நிலையில் இல்லை. சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு, சொல்லாவிட்டாலும் நஷ்டமில்லாதவற்றை எல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சேர்ந்திருப்பது சத்தத்தைக் குறைக்கும் பிரிவில். கார்க் கதவுக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஒட்டுகிற அட்டைகளைச் செய்யும் ஆலை நம்முடையது. படகுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் நம் ஆலைக்கு நாலு ஷெட் தள்ளி ஒருவர் ஃபைபர் படகு செய்யும் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு அவர் என்னைத் தேடி வந்தார். சென்னைக்கு வடக்கே ஒரு துறைமுகத்தில் காவல் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த நிறுவனம் அவரிடம் ஒரு படகு வாங்கியிருந்தது. அதில் மூன்று பேர். ராத்திரி முழுக்கத் துறைமுகத்துக்குள் சுற்றிவருவார்கள். காலையில் படகுத்துறையான ஜெட்டியில் கட்டிவிட்டுப் படகின் முன்பக்க அறையிலேயே தூங்குவார்கள். பத்து நாள் படகிலேயே வாசம், பிறகு நாலு நாள் லீவு.

“தண்ணி வந்து அடிக்கிற சத்தத்துல தூங்க முடியலன்னு ஆளுங்க புகார் சொல்றாங்க. நீங்க அளந்து ஒரு பேப்பர் கொடுத்தா நல்லா இருக்கும்,” என்றார் பட்டறைக்காரர்.

எதற்காகப் பேப்பர், யாரிடம் காட்டப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாகக் கார்களுக்கு அளந்துகொண்டிருந்தவளுக்கு ஒரு படகு கிடைத்ததே பெரிய உற்சாகமாக இருந்தது. விடியற்காலையில் கிளம்பி ஏழரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். படகில் யாரும் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றினதுபோல அசையாமல் கிடந்தது. சத்தம் அளக்கும் மீட்டரைப் படுக்கையின் தலைமாட்டில் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். வந்த சராசரி, வரம்புக்கு வெகு கீழே. ‘படுக்கை அறையின் சத்தம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு நம் கேண்டீனுக்கே வந்துவிட்டேன். அன்றைக்குச் சாம்பார்கூட ருசியாக இருந்ததாக ஞாபகம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஃபோன் செய்தார். யாரோ ஒருவர் என் பெயர் போட்ட பேப்பரை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார், போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறார் என்றார். போய்ப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நகலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இந்தக் கையெழுத்து உங்களுதா மேடம்?”

“ஆமா. நீங்க யாரு?”

“என் பேரு ரெமிஜியுஸ். அந்தப் படகு ஓட்டுன ஆளு.”

ஊர் தூத்துக்குடிக்குப் பக்கத்துக் கடற்கரை என்றார். மறைமலை நகரில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன்களின் வாடகை அறையில் ஒரு வாரமாகத் தங்கியிருந்தார். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து, நம் ஆலையை விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். பார்வையாளர் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நான் ஜெட்டில கொண்டுபோய் இடிச்சிட்டேன் மேடம். வீலப் புடிச்சு நின்னமேனிக்கே தூங்கிட்டேன். தூங்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். இஞ்சின் பாக்குற இஸ்மாயில் அண்ணன் படகு ஓரத்துல கைய வச்சிட்டு நின்னாரு. ரெண்டு வெரலு போயிட்டு.”

என்றைக்கு என்று கேட்டேன். விபத்து நடந்தது நான் அளக்கப்போனதற்கு மூன்று நாள் முன்பு. படகில் ஆள் இல்லாதது அதனால்தான்.

“கம்பெனிக்காரவ மொதல்ல குடிச்சிருந்தேன்னு சொல்லப் பாத்தாவ. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்ததுல அது நிக்கல. இப்ப உங்க பேப்பரக் காட்டுதாவ. அங்கன சத்தமே கெடயாது, படுத்தா நல்லாத் தூக்கம் வரும், நீ படுக்காம ஃபோன நோண்டிட்டு இருந்திருக்கன்னு சொல்லுதாவ. வார பொதங்கிழம விசாரண. அதோட சீட்டக் கிழிச்சிருவாவ.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க எத்தன மணிக்கு வந்து அளந்தீய?” என்று கேட்டார்.

“காலைல ஏழரை.”

“ஏழரைக்கு நாங்க டூட்டி முடிஞ்சு படகக் கழுவிட்டு இருப்போம். எல்லாம் முடிச்சு, சாப்பிட்டுக் கண்ணசர பன்னெண்டு ஆயிரும். ஒரு மணிக்குக் கடக்காத்து எறங்கும். அதுக்குப் பொறவு பொட்டுத் தூக்கம் கெடயாது.” என் கையிலிருந்த பேப்பரைச் சுட்டினார். “நீங்க அங்கன படுத்துப் பாத்தீயளா மேடம்?”

இல்லை என்றேன். படுக்கையில் மீட்டரைத்தான் படுக்க வைத்திருந்தேன். நான் அதன் ஓரத்தில்கூட உட்காரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர். பொழுது விடிவதற்கு வெகு முன்பே போய்விடுவார். உச்சிக்குப் பிறகு வந்து படுத்தால் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க மாட்டார்கள். கொல்லைக் கதவுக்குக்கூட அம்மா துணி வைத்துச் சாத்துவாள். பகலில் தூங்குகிறவனின் தூக்கம் எவ்வளவு மெல்லியது என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ராத்திரி சி ஷிஃப்ட் முடித்து மூன்று பேர் அறையில் வந்து விழுகிற உங்களுக்கும் அது தெரியும். தெரிந்ததை எல்லாம் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, ஒரு மீட்டரோடு உள்ளே போயிருக்கிறேன்.

நேராக ஆலைத் தலைவரின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“மைதிலி, நம்பர் தப்பா?”

“நம்பர் சரி சார். நேரம் தப்பு.”

“அப்ப பேப்பர் தப்பில்ல. நான் சொல்றத கேளுங்க. முதல்ல அந்தச் சத்தத்தைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடிங்க. ஒரு மாசம் எடுத்துக்குங்க. பிரச்சினை இது, தீர்வு இதுன்னு சேர்த்து எழுதிக் கொடுப்போம். கையில ஒண்ணுமே இல்லாம போய்த் தப்பா அளந்துட்டோம்னு நின்னா, நாளைக்குக் கார் கம்பெனிக்காரன் நம்ம பேப்பரை எப்படி நம்புவான்?”

“புதன்கிழமை விசாரணை சார்.”

“அது அவங்க வீட்டு விஷயம்.”

உண்மையைச் சொல்கிறேன், வெளியே வந்தபோது எனக்கு அவர் சொன்னது பிடித்திருந்தது. தப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போவதைவிட, தப்போடு ஒரு மருந்தையும் கொண்டுபோனால் மரியாதையாக இருக்கும். ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் அழகாகச் செய்துவிடலாம். என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்பவும் உட்கார்ந்தேன். அந்த ஒரு மாதத்தில் அந்த மனிதர் எங்கே இருப்பார் என்ற கேள்வியை மட்டும் தள்ளிவைக்க முடியவில்லை.

சனிக்கிழமை நானே கேட்டு வாங்கி சி ஷிஃப்ட் பார்த்தேன். ராத்திரி முழுக்க லைனில் நின்றேன். நன்றாகத் தூங்கி எழுந்தவள் போய்ப் படகில் படுத்துப் பார்த்தால் அது சோதனை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் எரிய எரிய அங்கே போனேன். பட்டறைக்காரர் அனுமதி வாங்கித் தந்திருந்தார். நான் இன்னொரு தடவை அளந்தால் பேப்பருக்கு இன்னும் பலம் என்று நினைத்திருப்பார். மாற்று ஆட்கள் அன்றைக்குப் படகை எனக்கு விட்டுவிட்டு ஜெட்டிக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். “இங்கயே நல்லாத்தான் கீது மேடம்,” என்றார் ஒருவர். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் படுத்தேன். தலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஃபைபர் சுவர்தான். தண்ணீர் மெல்ல நக்கிக்கொண்டிருந்தது. அது இதமாகவே இருந்தது. கண் சொருகியது.

‘தளக்.’

கண் திறந்தேன். ஒன்றுமில்லை. மூடினேன். நெடுநேரம் அமைதி. தூக்கத்தின் விளிம்புக்குப் போன நேரத்தில், ‘தளக், தளக்’. பிறகு அமைதி. பிறகு, யாரோ காதுக்குப் பக்கத்தில் அறைந்ததுபோல் ‘பொளேர்’. உடம்பு தூக்கிப்போட்டது. கடற்காற்று இறங்கிவிட்டது.

அந்தச் சத்தம் ஒன்றும் பெரியதல்ல. பஸ் ஸ்டாண்டில் நீங்கள் அதைக் கவனிக்கக்கூட மாட்டீர்கள். ஆனால் அதற்கு ஒழுங்கு இல்லை. ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீராக இருந்தால் காது அதைக் கைவிட்டுவிடும். இது அடுத்தது எப்போது என்று காக்க வைத்தது. சத்தம் கேட்கும்போது பட்ட அவஸ்தையைவிட, கேட்காதபோது பட்ட அவஸ்தை அதிகம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டேன், உடனே எடுத்தேன். ஆபத்து என்றால் அவர்களை வாக்கி டாக்கியில்தான் கூப்பிடுவார்கள், காதை அடைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. தலைமாட்டை மாற்றிப் படுத்தேன். குப்புறப் படுத்தேன். இரண்டரை மணிக்குத் தலையணையை எடுத்துச் சுவரில் அடித்தேன். ஐம்பத்தைந்து வயதுப் பெண், ஆளில்லாத படகில் உட்கார்ந்து ஒரு சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் அதன் சராசரி வரம்புக்குள்தான் இருந்தது. நடுநடுவே குதித்த அடிகளை எல்லாம் நீண்ட அமைதிகளோடு கலந்து சமமாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு மேலே வந்து ஜெட்டியிலிருந்து குனிந்து பார்த்தேன். படகின் பக்கச் சுவர் கீழே இறங்கி உள்ளே மடங்குகிற இடத்தில் கை அகலத்துக்கு ஒரு தட்டையான விளிம்பு. அதற்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி. சிற்றலை அந்த இடுக்கில் புகுந்து, காற்றை உள்ளே அமுக்கி, மேலே அறைகிறது. சரியாக அதற்கு அந்தப் பக்கம்தான் தலையணை. காரணம் தெரிந்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரே நாளில் தீர்வு கிடைத்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. கிடைக்கவில்லை. திங்கட்கிழமை இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ‘ஆனால்’, ‘இருப்பினும்’ என்று எனக்கே நான் குடை பிடித்திருந்தேன். செவ்வாய்க்கிழமை எழுதியது ஆறு வரி. நான் அளந்த நேரம், அவர்கள் தூங்கும் நேரம் அல்ல. தூங்கும் நேரத்தில் நானே படுத்துப் பார்த்தேன், தூங்க முடியவில்லை. என் முதல் பேப்பரை இந்த விசாரணைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைக் குறைக்கும் வழி இன்னும் எனக்குத் தெரியவில்லை. இவ்வளவுதான்.

ஆலைத் தலைவரிடம் காட்டினேன். கடைசி வரியைப் பேனாவால் தட்டினார்.

“இது அவசியமா?”

“அதுதான் சார் உண்மை.”

“அனுப்பினா என் பேரைச் சேர்க்காதீங்க,” என்றார். அனுப்பினேன். அவர் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அதை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

புதன்கிழமை விசாரணைக்கு என்னை நேரில் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன ஏசி அறை. மேஜைக்குப் பின்னால் நிறுவனத்தின் அதிகாரிகள் மூன்று பேர். ஒரு ஓரத்தில் ரெமிஜியுஸ் நின்றுகொண்டிருந்தார். எதிர் ஓரத்தில் நாற்காலியில் ஒருவர், இடது கையில் பெரிய கட்டு. அவர்தான் இஸ்மாயில் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஐம்பதை நெருங்கியவர். ரெமிஜியுஸ் இருந்த பக்கமே அவர் திரும்பவில்லை.

அதிகாரிகளில் மூத்தவர் என் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இதுல எது பொய்ம்மா?”

“ரெண்டும் பொய் இல்ல சார். முதலாவது தப்பு.”

“சத்தத்தாலதான் இவர் தூங்கலன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?”

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. ரெமிஜியுஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியும் என்று சொல்லிவிடலாம். அவருக்கு அது உதவலாம். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதித்தானே அவரை இந்த மூலையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

“முடியாது சார். அங்க படுத்து நான் தூங்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என் சாட்சி அந்த வினாடியில் ஒன்றுமில்லாமல் போனது. ரெமிஜியுஸ் தரையைப் பார்த்தார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

“நான் சொல்லலாமா சார்?” இஸ்மாயில்தான்.

“உங்க ஸ்டேட்மெண்ட் வாங்கியாச்சே.”

“அதுல ஒண்ணு உட்டுட்டேன்.” கட்டுப் போட்ட கையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். “மூணு நாளா யாருமே தூங்கல சார். அவன் வீல்ல தூங்கினான். நான் ஓரத்துல நின்னுகினே தூங்கினு இருந்தேன். முழிச்சினு இருந்தா ஜெட்டி வர்றது தெரிஞ்சிருக்கும், கைய எடுத்திருப்பேன். முப்பது வருசமா கடல்ல கீறேன். கைய அங்க வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?”

மூத்தவர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க சொல்றது உங்களுக்கே பாதகமா வரும். தெரியுதா?”

“தெரியுது சார்.”

“அப்ப இவரு மேல உங்களுக்குப் புகார் இல்லையா?”

“கீது. இந்தக் கையப் பாக்கும்போதெல்லாம் கீது. அதுக்காவ தூங்கிட்டான்றத குடிச்சான், ஃபோன் நோண்டினான்னு மாத்தி எழுத ஒப்பமாட்டேன்.”

அன்றைக்கு முடிவு சொல்லவில்லை. வெளியே வந்து மூன்று பேரும் ஒரே டீக்கடையில் தனித்தனியாக நின்று டீ குடித்தோம். இஸ்மாயிலின் டீ டம்ளரைப் பிடித்துக்கொள்ள ரெமிஜியுஸ் ஒரு அடி முன்னால் வந்தார். இஸ்மாயில் வலது கையால் தானே வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

இரண்டு வாரம் கழித்து எழுத்தில் வந்தது. ரெமிஜியுஸை வேலையைவிட்டு நீக்கவில்லை. எச்சரிக்கை கொடுத்து, ஜெட்டியில் கரைவேலைக்கு மாற்றினார்கள். படகின் சத்தத்தைச் சரிசெய்த பிறகுதான் அவர் மறுபடி அதை ஓட்டலாம் என்று ஒரு வரி. இஸ்மாயிலின் வேலைக்கும் ஆபத்து வரவில்லை. ஆறும்வரை மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரமும் அவர் தனக்குத்தானே குழி வெட்டிக்கொண்டாரோ என்ற பயத்தில் நான் ராத்திரியில் சரியாகத் தூங்கவில்லை. பட்டறைக்காரர் எங்களுக்குக் கொடுப்பதாக இருந்த ஆர்டரை வேறு ஆலைக்குக் கொடுத்துவிட்டார். ஆலைத் தலைவர் ஒரு மாதம் என்னோடு வேலை தவிர வேறொன்றும் பேசவில்லை.

தீர்வு தேடியது அதற்குப் பிறகுதான், காவல் நிறுவனத்தின் அனுமதியோடு. முதலில், படகின் மூக்கு கடலைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டச் சொன்னேன். அலை பக்கவாட்டில் புகாமல் பிளந்துகொண்டு போனது, கொஞ்சம் குறைந்தது. அடுத்து நம் அட்டைகளை உள்சுவர் முழுக்க ஒட்டினேன். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை. கரைவேலையில் இருந்த ரெமிஜியுஸைக் கூப்பிட்டு மதியம் படுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் மேலே வந்தார்.

“முன்ன கன்னத்துல அறஞ்சாப்ல இருந்திச்சு மேடம். இப்ப முதுகுல குத்துதாப்ல இருக்கு.”

சத்தத்தின் கூர்மை போயிருந்தது; அடி போகவில்லை. நான் உள்ளே இருந்துகொண்டே அதைத் தடுக்கப் பார்த்திருக்கிறேன்.

“எங்கூர்ல வள்ளத்துல படுக்கையில, பழைய வலையச் சுருட்டி அந்த விளிம்பு எடுப்புக்கு அடியில கட்டிவிட்டுருவோம். தண்ணி வந்து அடிக்க எடம் இருக்காதுல்லா,” என்றார்.

“இத ஏன் நீங்க முன்னாடியே சொல்லல?”

“கட்டினேன் மேடம், வந்த மொத வாரமே. கம்பெனி படகுல குப்பையத் தொங்க விடுதியான்னு ஏசி, அவுக்கச் சொல்லிட்டாவ. பொறவு யாரும் கேக்கல.”

மறுநாள் அவரை நம் ஆலைக்கே அழைத்துவந்தேன். வலை நனைந்தால் கனத்துக் கீழே தொங்கிவிடும். நம்மிடம் தண்ணீர் குடிக்காத நுரை அட்டையின் வெட்டுத் துண்டுகள் கழிவுக் கிடங்கில் மலைபோல் கிடந்தன. லைன் சூப்பர்வைசர் தயாளன் துண்டுகளை அளவு பார்த்து அறுத்துக் கொடுத்தார். ரெமிஜியுஸ் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலைக்குள் அவற்றை வரிசையாக வைத்து ஒரு பாய் மாதிரித் தைத்தார். டீ பிரேக்கில் கூட்டம் கூடிவிட்டது.

“இன்னாபா, இத்த வெச்சு மீன் புடிப்பியா?” என்றார் தயாளன்.

“மீனு மாட்டாதுண்ணே. சத்தம் மாட்டும்.”

முதல் பாயைக் கட்டிப் பார்த்த அன்றைக்கு ஒரு விபரீதம் நடக்க இருந்தது. ஒரு முனை அவிழ்ந்து, மிதந்தபடியே பின்பக்கம் போய்விட்டது. அதே நேரம் வாக்கி டாக்கியில் அழைப்பு வந்து, மாற்று ஓட்டுநர் சாவியில் கை வைத்தார். ரெமிஜியுஸ் அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு வினாடி தாமதித்திருந்தால் பாய் புரொப்பல்லரில் சுற்றியிருக்கும். தூங்குவதற்கு நான் செய்து கொடுத்த சாமான், அவசர நேரத்தில் படகை முடக்கியிருக்கும். அதன்பின் ஒரே கயிற்றை மேலிருந்து இழுத்தால் முழுப் பாயும் தளத்துக்கு வந்துவிடும்படி மாற்றித் தைத்தோம். கயிற்றை இழுக்காமல் சாவி போட முடியாதபடி, சாவியை அந்தக் கயிற்றின் நுனியிலேயே கட்டிவிட வேண்டும் என்று யோசனை சொன்னவர் தயாளன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது பாயைப் பற்றியல்ல. அது உங்களுக்கு இனி ஒரு மணி நேர வேலை. கையில் தீர்வு இல்லாத நாளில், தப்பு என்னுடையது என்று ஆறு வரி எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. தீர்வு கிடைத்த பிறகு அதை யாரும் எழுதிவிடலாம். அதற்குள் ஒரு மனிதரின் வேலை போயிருக்கும். இன்னொன்றும் உண்டு. ஒரு எண்ணை எழுதுமுன், அந்த எண்ணுக்குள் யார் படுத்திருக்கிறார், எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேளுங்கள். நான் அதற்குப் பிறகு அளந்த ஒவ்வொன்றிலும் கேட்டேன். கேட்டபிறகும் சில பேப்பர்களைப் பற்றி எனக்கு இன்றைக்கும் நிம்மதி கிடையாது. இந்தப் பேப்பருக்கு முன்னால் பதினெட்டு வருடம் கேட்காமல் எழுதியவை இருக்கின்றனவே.

மூன்று மாதம் கழித்து ஒரு பிற்பகலில் கடைசியாக அளக்கப் போனேன். ரெமிஜியுஸ் திரும்பவும் படகுக்கு வந்திருந்தார். இஸ்மாயிலும் வேலையில் சேர்ந்திருந்தார். இஞ்சினை விட்டு மேல்தள வேலை. மணி மூன்று. கடற்காற்று முழு வேகத்தில் இருந்தது. ஜெட்டிக் கற்களில் தண்ணீர் துள்ளித் துள்ளி விழுந்தது. என் புடவைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மீட்டர் பையோடு படகில் கால் வைத்தேன்.

கீழ் அறைக்கு இறங்கும் வாசலை மறித்துக்கொண்டு இஸ்மாயில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையை உயர்த்தி உதட்டின் முன் வைத்தார். அந்தக் கையில் மூன்று விரல்கள் இருந்தன.

நான் நின்றேன். எழுந்து என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அப்பால வாங்க மேடம். பன்னெண்டரைக்குப் படுத்தவன், அசையல.”

அளக்க வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் படி கிறீச்சிடும். மீட்டரைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஜெட்டியில் ஏறினேன். ஏறியபிறகு மனசு கேட்காமல் திரும்பி, மெதுவாகக் கேட்டேன்.

“ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?”

இஸ்மாயில் வாசலில் பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

“பேச்செல்லாம் இன்னும் இல்ல மேடம். அவன் தூங்கட்டும்.”